ஆர்.வி.யில் இலவசமாக இரவு தங்குவது எப்படி: அமெரிக்கப் பயணத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறை உள்ள பயண வண்டி) வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகச் செய்கின்றன. நாள் முழுக்க ஓட்டுகிறார்கள். இருட்டுகிறது, பின்னால் பிள்ளைகள் அழுகிறார்கள், போனில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கிறது. அப்போதுதான் "பக்கத்தில் இலவசமாக எங்கே நிறுத்தலாம்" என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் கிடைக்கும் இடம் நல்லதாக இருந்தால் அது அதிர்ஷ்டம்தான்.

இலவச இரவுக்கான வேலையில் முக்கால்வாசி மதியத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் படியுங்கள். எல்லாம் அமெரிக்க விதிகளையும் நடைமுறையையும் ஒட்டியவை.

1. முதலில் இடத்தின் வகையைப் பிரித்துப் பாருங்கள்

இலவசமாகத் தங்க மூன்று வகை இடங்கள் உண்டு. கடை, உணவகம், கேசினோ போன்ற தனியார் வாகன நிறுத்தங்கள் முதல் வகை. நெடுஞ்சாலையோர ஓய்விடமான ரெஸ்ட் ஏரியாவும், லாரிகள் எரிபொருளுக்கும் ஓய்வுக்கும் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பும் இரண்டாவது. மத்திய அரசின் காடுகளும் பாலை நிலங்களும் மூன்றாவது.

முதல் இரண்டில் வண்டியை நிறுத்தி உள்ளே தூங்கலாம், அவ்வளவுதான். மூன்றாவதில் மட்டும்தான் நாற்காலி போட்டு, மேசை விரித்து, வெளியே உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, மூன்றாவது இடத்துப் பழக்கத்தை முதல் இடத்துக்குக் கொண்டுவருவதால் வருகிறது. நம் ஊர்த் திண்ணைகளில் வழிப்போக்கர் படுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே அடுப்பு மூட்டியதில்லை அல்லவா? கடை வாசலிலும் அதே கணக்குதான்.

நகரத் தெருக்களை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. வண்டிக்குள் தூங்குவதைத் தடுக்கும் உள்ளூர்ச் சட்டங்கள் பல ஊர்களில் உண்டு. பொது இடத்தில் தங்குவதற்கு நகரங்கள் தடை போட்டுத் தண்டிக்கலாம் என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, இன்னும் பல ஊர்கள் விதியை இறுக்கியிருக்கின்றன. சுற்றுலாவுக்குக் கிளம்பியவர் அந்த வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

2. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்

சாவி வாங்கும் நாளில் அல்ல, முன்பதிவு செய்யும்போதே.

ஒன்று, மண் சாலை. பல நிறுவனங்கள் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்றோ, முகாமுக்குப் போகும் குறுகிய பாதைக்கு மட்டும் அனுமதி என்றோ எழுதியிருக்கும். அரசு நிலத்தில் நல்ல இடங்கள் பெரும்பாலும் மண் சாலையின் முடிவில்தான் இருக்கின்றன. ஒப்பந்தத்தை மீறிப் போய் வண்டி சிக்கினால் காப்பீடு கைகொடுக்காது, இழுவைச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

இரண்டு, ஜெனரேட்டர் கட்டணம். மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களும் உண்டு, நாளுக்கு ஒரே தொகை வாங்குகிறவர்களும் உண்டு. மின் இணைப்பு இல்லாமல் பல இரவுகள் தங்குவதாக இருந்தால் இந்தத் தொகையையும் கூட்டிப் பாருங்கள். ஆகஸ்டில் அரிசோனாவில் ஏசிக்காக இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓட்டினால், "இலவச" இடம் கட்டண முகாமைவிடக் கூடுதலாகவே செலவு வைத்துவிடும்.

மூன்று, போகக் கூடாத இடங்கள். கோடையில் டெத் வேலிக்குள் போகவே சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

3. தொட்டி, பேட்டரி, எரிபொருள்: நிரப்ப வேண்டியதும் காலியாக்க வேண்டியதும்

இலவச இடத்தில் குழாய் கிடையாது, சாக்கடை இணைப்பு கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஆகவே அங்கே போய்ச் சேரும்போது நல்ல தண்ணீர்த் தொட்டி நிறைந்தும், இரண்டு கழிவுத் தொட்டிகளும் (கழிப்பறைக் கழிவுக்குக் கருநீர்த் தொட்டி, குளித்த, பாத்திரம் கழுவிய நீருக்குச் சாம்பல்நீர்த் தொட்டி) காலியாகவும் இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் தண்ணீரை மட்டும் நிரப்பிக்கொண்டு கழிவை மறந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிரப்பிய தண்ணீர் கடைசியில் கழிவுத் தொட்டிக்குத்தானே போகிறது? அது நிறைந்துவிட்டால் நல்ல தண்ணீர் பாதி மீதமிருந்தாலும் பயனில்லை.

நடுத்தர வாடகை வண்டியில் நல்ல தண்ணீர் பெரும்பாலும் 30 முதல் 50 காலன் பிடிக்கும். ஷவரில் நிமிடத்துக்கு 2 காலன் போகிறது என்று வைத்துக்கொண்டால், நாலு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தாலே 40 காலன் காலி. உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்பு போட்டு, திறந்து அலசி, மறுபடி மூடுங்கள். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே ஒரு முறை பழக்கிவிடுவது நல்லது.

குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, குடிநீர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குடிநீருக்கென்று விற்கும் தனிக் குழாயையே பயன்படுத்துங்கள். கழிவுக் குழாய் வைத்திருக்கும் பெட்டியில் அதைப் போட்டுவைக்கக் கூடாது.

பேட்டரி விஷயத்தில் ஒரு எண் போதும். ஈய-அமில பேட்டரி முழுதாக இருந்தால் 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.1 வந்தால் பாதி தீர்ந்துவிட்டது, அதற்குக் கீழே இறக்காதீர்கள். ஹீட்டர் புரொப்பேன் வாயுவில்தான் எரிகிறது, ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது. குளிர் இரவில் அதை 75 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டுத் தூங்கினால், அதிகாலையில் பேட்டரி தீர்ந்து வண்டி முழுக்கக் குளிரத் தொடங்கும். 60 டிகிரி வைத்து, ஒரு கம்பளி கூடுதலாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் கால் தொட்டிக்கும் கீழே இறங்கினால் பெரும்பாலான மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டர் நின்றுவிடும். ஜெனரேட்டர் மொத்தத்தையும் குடித்துவிட்டு உங்களை நடுக்காட்டில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதைப் பழுது என்று நினைத்து இரவில் உதவி எண்ணை அழைப்பவர்கள் உண்டு. அரைத் தொட்டிக்குக் குறையாமல் போய்ச் சேருங்கள்.

4. மதியம் மூன்று மணிக்குள் இடத்தை உறுதி செய்யுங்கள்

இடங்களைத் தேட ஐஓவர்லேண்டர், காம்பெண்டியம், தி டர்ட் போன்ற செயலிகளும் தளங்களும் இருக்கின்றன. அவற்றில் இடத்தின் பெயரைவிட, கடைசியாக எழுதப்பட்ட கருத்தின் தேதி முக்கியம். இரண்டு ஆண்டுக்கு முன் "அருமையான இடம், யாரும் தொந்தரவு செய்யவில்லை" என்று எழுதியிருந்தால் அது இன்றைக்கு எதையும் சொல்வதில்லை. எழுதியவர் எந்த வண்டியில் போனார் என்பதையும் பாருங்கள். சின்ன வேனில் போனவருக்குச் சுலபமான பாதை, 30 அடி வண்டிக்குத் திரும்பக்கூட இடமில்லாததாக இருக்கும்.

ஒன்றல்ல, மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது விருப்பம், இரண்டாவது மாற்று, மூன்றாவது கையில் காசு கொடுத்தாவது நிச்சயம் தங்கக்கூடிய முகாம். மூன்றாவது ஒன்று இருந்தால்தான் முதல் இடம் சரியில்லை என்று தோன்றும்போது எழுந்து போக மனம் வரும். இல்லையென்றால் "பரவாயில்லை, ஒரு ராத்திரிதானே" என்று உட்கார்ந்துவிடுவோம்.

வரைபடத்தை போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அரசு நிலங்களில் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

5. கடை வாசலில் தங்குவது

வால்மார்ட்டில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்பது பழைய நம்பிக்கை. அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்தக் கடை மேலாளரின் முடிவு, அதுவும் உள்ளூர்ச் சட்டத்துக்கு உட்பட்டது. பல இடங்களில் நிலம் கடைக்குச் சொந்தமாகக்கூட இருக்காது, வளாகத்தின் உரிமையாளர் வேறொருவராக இருப்பார். அதனால் மேலாளர் சரி என்றாலும், இரவில் நிறுத்தக் கூடாது என்ற பலகை இருந்தால் பலகையைத்தான் நம்ப வேண்டும். வண்டியை இழுத்துப் போகிறவர் மேலாளரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

கேட்கும் முறை இதுதான். மதியமே கடைக்கு போன் செய்து மேலாளரிடம் பேசுங்கள். "ஒரு ஆர்.வி., ஒரே ஒரு இரவு, காலையில் கிளம்பிவிடுவோம், எந்தப் பக்கம் நிறுத்தினால் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். எங்கே நிறுத்தலாம் என்ற கடைசிக் கேள்வி முக்கியம். எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நீங்கள் வழக்கம் தெரிந்தவர் என்று அதிலேயே புரிந்துவிடும். பேசியவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவுக் காவலாளி வந்து கேட்டால் அந்தப் பெயர் உதவும்.

கிராக்கர் பேரல் உணவகங்கள் பலவற்றில் பக்கவாட்டிலோ பின்புறமோ பஸ், ஆர்.வி. நிறுத்த நீளமான இடங்கள் இருக்கும், பலவற்றில் ஓரிரவு தங்கவும் விடுகிறார்கள். அங்கேயும் உள்ளே போய்க் கேட்க வேண்டும். கேட்ட கையோடு ராத்திரிச் சாப்பாட்டையோ காலை பான்கேக்கையோ அங்கேயே முடித்துக்கொள்வது மரியாதை. சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி என்று நம்பி வாங்க வேண்டாம். தென் மாநிலச் சமையலில் பீன்ஸைக்கூடப் பன்றி இறைச்சியோடு வேகவைக்கும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டே வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு:

கடை வாசலிலிருந்து தள்ளி, வாகன நிறுத்தத்தின் ஓரத்தில், கோட்டுக்குள் அடங்கும்படி நிறுத்துங்கள். கடைக்குப் பின்புறம் வேண்டாம். சரக்கு லாரிகள் இரவெல்லாம் அங்கேதான் வரும்.

ஸ்லைடு-அவுட் (வெளியே நீளும் பக்கச் சுவர்), ஆனிங் (நிழல் பந்தல்) இரண்டையும் திறக்காதீர்கள். மடங்கு நாற்காலி, பாய், கிரில், பிள்ளைகளின் சைக்கிள் எதுவும் வெளியே வரக் கூடாது. பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு இறங்க அடம்பிடிப்பார்கள். இரவில் கார்கள் வளைந்து வரும் இடம் அது, விடாதீர்கள்.

வண்டியை மட்டமாக நிறுத்தும் கால்களான லெவலிங் ஜாக்கை இறக்காதீர்கள். வெயிலில் இளகிய தாரில் அதன் பாதம் பதிந்து குழி விழும். அந்தக் குழிதான் மேலாளர் அடுத்த வண்டியை மறுப்பதற்குக் காரணமாகிறது. அதற்காக வண்டி சாய்ந்து நிற்கட்டும் என்றும் விட முடியாது. புரொப்பேனில் ஓடும் ஃப்ரிட்ஜ் சாய்வில் சரியாகக் குளிர்விக்காது, நாள்பட அதற்குக் கேடும்கூட. ஓரளவு சமமான இடமாகத் தேடி நிறுத்துவதே வழி. போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறது, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துப் பாருங்கள்.

ஒரு இரவுக்கு மேல் வேண்டாம். எதையாவது வாங்குங்கள், பால், வாழைப்பழம், பெட்ரோல், எதுவானாலும் சரி.

6. ரெஸ்ட் ஏரியாவும் ட்ரக் ஸ்டாப்பும்

ரெஸ்ட் ஏரியா விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் 8 மணி நேரம், ஓரிகனில் 12, டெக்சஸில் 24. ஃபுளோரிடாவில் 3 மணி நேரம்தான், ஆகவே அங்கே இரவு தங்கும் எண்ணமே வேண்டாம். மாநில எல்லையைத் தாண்டினால் விதியும் மாறிவிட்டது என்று வைத்துக்கொண்டு, நுழைவாயிலில் உள்ள பலகையைப் படியுங்கள்.

லாரிக்கான நீளமான கட்டங்களில் நிறுத்தாதீர்கள் என்பது இந்தப் பகுதியின் ஒரே பெரிய விதி. மற்றதெல்லாம் சின்னது. அமெரிக்க லாரி ஓட்டுநர் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வண்டியில் உள்ள மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. நேரம் தீரும்போது அவருக்கு இடம் கிடைக்கவில்லை என்றால், நெடுஞ்சாலை வளைவின் ஓரத்தில் நிற்க வேண்டிவரும், அல்லது விதியை மீற வேண்டிவரும். உங்களுக்கு அது வசதியான ஓர் இடம். அவருக்கு அது வேலை.

ஆர்.வி.க்கென்று கோடு போட்ட இடங்கள் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். இல்லையென்றால் வண்டி 25 அடிக்குள் இருக்கும்பட்சத்தில் கார்ப் பகுதியின் ஓரத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையா, அடுத்த இடத்துக்குப் போங்கள். ட்ரக் ஸ்டாப் நடத்தும் லவ்ஸ் நிறுவனம் சில கிளைகளில் ஆர்.வி.க்கென்றே மின் இணைப்போடு கட்டண இடங்கள் வைத்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு அசதியோடு நிற்பவர் அந்தக் காசைத் தயங்காமல் கொடுத்துவிடலாம்.

7. அரசு நிலத்தில் தங்குவது

இங்குதான் ஆர்.வி. பயணத்தின் உண்மையான சுகம் இருக்கிறது. குழப்பமும் இங்குதான் அதிகம்.

நேஷனல் பார்க் வேறு, நேஷனல் ஃபாரஸ்ட் வேறு. கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி போன்ற நேஷனல் பார்க்குகளுக்குள் குறிக்கப்பட்ட முகாம்களைத் தவிர வேறு எங்கும் வண்டியில் இரவு தங்க விடமாட்டார்கள். ஆனால் பல பார்க்குகளின் வேலியை ஒட்டியே நேஷனல் ஃபாரஸ்டோ, பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில நிர்வாகத் துறையின் நிலமோ இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் முகாம் நிறைந்துவிட்டால், வாயிலுக்கு வெளியே டுசயான் ஊரை ஒட்டிய கைபாப் காட்டில் தங்கலாம். தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்குக்குப் போகிறவர்கள் வால் என்ற சின்ன ஊருக்குத் தெற்கே, பஃபலோ கேப் புல்வெளியின் விளிம்பில் நிறுத்துகிறார்கள். காட்சி பிரமாதம், காற்றும் பிரமாதம். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, வண்டியின் மூக்கு காற்றை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்? பி.எல்.எம். நிலத்தில் பொதுவாக 28 நாளுக்குள் 14 நாள், பிறகு பல பகுதிகளில் 25 மைலுக்கு அப்பால் நகர வேண்டும். காடுகளிலும் 14 நாள் என்பதே பரவலான வரம்பு. இது பொதுக் கணக்குதான். கூட்டம் தாங்காத பகுதிகளில் விதி தனி. கலிஃபோர்னியாவின் அலபாமா ஹில்ஸில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டும், இலவச அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டுதான் தங்க முடியும். அரிசோனாவில் செடோனாவுக்கு மேற்கே கோகோனினோ காட்டிலும் குறித்த இடங்கள் மட்டும்தான். எங்கே போவதானாலும் அந்தப் பகுதியின் வன அல்லது பி.எல்.எம். அலுவலகத்துக்கு போன் செய்து "தீக் கட்டுப்பாடு இருக்கிறதா, எந்தச் சாலை மூடியிருக்கிறது" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். அங்கே போனை எடுப்பவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

காடுகளுக்கு எம்.வி.யு.எம். என்ற வாகன வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் சாலையில் வண்டி போகலாம், சாலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகி முகாமிடலாம் என்று அதில் இருக்கும். கூகுள் வரைபடத்துக்கு இதெல்லாம் தெரியாது. மாட்டுத் தடத்தையும் சாலை என்று காட்டும்.

மண் சாலைக்குள் திரும்பும் முன் வண்டியை வாயிலிலேயே நிறுத்தி, ஒருவர் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வரட்டும். பள்ளத்தில் வால் தட்டுமா, தாழ்ந்த கிளை இருக்கிறதா, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமுண்டா, முடிவில் திரும்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். வாடகை ஆர்.வி.யின் உயரம் 12 அடியைத் தொடும், பின்சக்கரத்துக்கு அப்பாலும் நீளமாக வால் இருக்கும். இருட்டில் இந்த நடையை நடக்க முடியாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரச் சொல்வது இதற்காகத்தான்.

நிறுத்தும் இடம் ஏற்கெனவே பலர் தங்கி மண் இறுகிய இடமாக இருக்கட்டும். புல்லையும் புதரையும் மிதித்துப் புதிய இடம் உண்டாக்காதீர்கள். பாலை மண்ணில் ஒரு சக்கரத் தடம் மறையப் பல ஆண்டுகள் ஆகும். நீர்நிலையிலிருந்து 200 அடியாவது தள்ளி இருங்கள். வறண்ட ஓடைப் படுகை சமமாக, மணல் மெத்தை போலத் தெரியும், நம்பிவிடாதீர்கள். எங்கோ மலையில் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வரும். அரிசோனாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை இந்த ஆபத்து அதிகம். களிமண் சாலையாக இருந்து மழை அறிவிப்பும் இருந்தால் அன்று உள்ளே போகவே வேண்டாம். நனைந்தால் நாலு சக்கரமும் வழுக்கும், காயும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து வண்டியிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது? அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காத தூரம். வந்தவர்கள் தனிமைக்காகத்தான் வந்திருக்கிறார்கள். பரந்த வெளியில் ஒரே ஒரு வண்டி நிற்கும்போது, துணைக்கு ஆளிருக்கட்டும் என்று அதன் பக்கத்திலேயே போய் நிறுத்துவது நம் ஆட்களுக்கு இயல்பாக வரும். அங்கே அதை யாரும் அன்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நெருப்பு மூட்டுவதானால் முதலில் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் முகாம் மைதானத்துக்கு வெளியே நெருப்புக்கு மட்டுமல்ல, வெளியே வைத்துச் சமைக்கும் கேஸ் அடுப்புக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இலவசமாகவே கிடைக்கும். விறகை ஊரிலிருந்து ஏற்றிப் போகாமல் போகுமிடத்தில் வாங்குங்கள், மரத்தைக் கொல்லும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் விட்டு ஊர் போகின்றன. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதியான பிறகே விடுங்கள்.

8. நம் சமையலும் நம் பழக்கங்களும்

ஆங்கில வழிகாட்டிகள் தொடாத பகுதி இது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஆர்.வி. எடுக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

குக்கர் விசில். வால்மார்ட் வாசலில் இரவு ஒன்பது மணிக்கு மூன்று விசில் வந்தால் பக்கத்து வண்டிக்காரர் ஏதோ வெடிக்கப் போகிறது என்றுதான் நினைப்பார். கடை வாசல் இரவுகளுக்கு முன்பே சமைத்த புளிசாதம், தயிர்சாதம், சப்பாத்தி போதும். சமைக்கத்தான் வேண்டுமென்றால் வழியில், மதிய நிறுத்தத்தில் முடித்துக்கொள்ளுங்கள். தாளிப்பை ஜன்னலும் கூரை விசிறியும் திறந்துவைத்தே செய்யுங்கள், சின்ன அறையில் புகை எச்சரிக்கை மணி உடனே அலறும். அதற்காகப் பேட்டரியைக் கழற்றிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், தூங்கும்போது உங்களைக் காப்பது அதுதான். இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தில் பாதி மட்டும் வைத்து மூடுங்கள். கோடையில் ஓடும் வண்டியில் அது பொங்கி வழிந்தால் சுத்தம் செய்வதற்கே ஒரு நாள் போய்விடும்.

பாத்திரம் கழுவும் முன் தட்டையும் பாத்திரத்தையும் டிஷ்யூவால் துடைத்து, மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள். சாம்பார்ப் பருப்பும் எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் சாம்பல்நீர்த் தொட்டிக்குள் போனால் இரண்டாம் நாளே நாறும், கழிப்பறையை யாரும் தொடாவிட்டாலும் நாறும். அரிசி களைந்த நீரை வெளியே ஊற்றலாமே என்று தோன்றும். வாகன நிறுத்தத்தில் கூடாது, காட்டில் கரடியையும் எலியையும் அது கூப்பிடும்.

கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் ஆர்.வி.க்கு ஒத்துப்போகிறது. கருநீர்த் தொட்டிக்குள் தண்ணீர் போதாமல்தான் பொதுவாக அடைத்துக்கொள்கிறது. கைக்குவளையில் அளவாக ஊற்றினால் போதும். ஆனால் தொட்டி சீக்கிரம் நிறையும், ஐந்து பேர் குடும்பம் மூன்று நாளுக்கொரு முறை காலி செய்யும்படி வழியைத் திட்டமிட வேண்டும். ஈரத் துடைப்பான் எக்காரணம் கொண்டும் உள்ளே போகக் கூடாது, கரையும் என்று உறையில் எழுதியிருந்தாலும்.

பல் தேய்த்து வெளியே துப்புவது, கால் கழுவுவது, வண்டியின் பக்கக் கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையே கயிறு கட்டி வேட்டி காயப்போடுவது: காட்டில் யாரும் இல்லாதபோது வேட்டி காயட்டும், கடை வாசலில் எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவைத்தால் வருத்தப்படமாட்டார்கள். மற்றவர் பார்க்கும்போது சொன்னால்தான் மனம் கஷ்டப்படும்.

9. ஜெனரேட்டர்

இரவு பத்து முதல் காலை ஆறு, ஏழு மணிவரை ஓட்டாதீர்கள். முகாம்களில் இதுவே பரவலான அமைதி நேரம், இலவச இடத்திலும் அதையே கடைப்பிடிக்கலாம். மாலையில் சமையலுக்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டி பேட்டரியை ஏற்றி, எல்லா போன்களையும் சார்ஜ் செய்துவிடுங்கள். ஏசி இல்லாமல் தூங்க முடியாத வெயில் என்றால், அன்று கட்டண முகாமுக்குப் போவதுதான் சரி. அல்லது மலையேறிவிடுங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும்.

புகைபோக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அது அடுத்த வண்டியின் ஜன்னலையோ சுவரையோ பார்க்காதபடி நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. வண்டியில் உள்ள கண்டறியும் கருவியின் சோதனைப் பொத்தானை வாடகை எடுக்கும்போதே அழுத்திப் பாருங்கள்.

10. இரவில் கதவு தட்டப்பட்டால்

காவலராகவோ காவலாளியாகவோ இருக்கும். கதவைத் திறந்துகொண்டு இறங்காமல், விளக்கைப் போட்டு ஜன்னல் வழியாகப் பேசுங்கள். கை தெரியட்டும். "யாரிடம் கேட்டோம், காலையில் கிளம்புகிறோம்" என்று சொல்லுங்கள். போகச் சொன்னால் "சரி, ஐந்து நிமிடம்" என்று கிளம்புங்கள். மேலாளர் அனுமதித்தார், இணையத்தில் போட்டிருக்கிறது என்று வாதாடி வென்றவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கேற்ப வண்டியை வைத்திருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் பெட்டி, படுக்கை எதுவும் இருக்கக் கூடாது. சாவி ஒரே இடத்தில் இருக்கட்டும். வண்டி நேராக வெளியேறும்படி நிற்கட்டும், பின்னுக்கு எடுக்க வேண்டியிருக்கக் கூடாது. ஓட்டத் தெரிந்தவர்களில் ஒருவராவது அன்று மது அருந்தாமல் இருக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாலே பல மாநிலங்களில் வழக்காகலாம். வண்டி வீடாகவும் இருக்கிறது என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

யாரும் தட்டாவிட்டாலும் இடம் சரியில்லை என்று குடும்பத்தில் ஒருவருக்குத் தோன்றினால் கிளம்பிவிடுங்கள். காரணம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், மூன்றாவது இடத்தைக் குறித்துவைத்தது அதற்காகத்தான்.

11. காலையும் டம்ப் ஸ்டேஷனும்

கடை கூட்டமாகும் முன் கிளம்புங்கள். கிளம்பும் முன் ஒருவர் வண்டியைச் சுற்றி நடந்து வரட்டும்: படி மடங்கியதா, கூரை ஜன்னல் மூடியதா, அலமாரிக் கதவுகள் பூட்டியதா, கீழே குப்பை இருக்கிறதா. அடுத்தவர் போட்ட குப்பையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மேலாளருக்கு அது யாருடையது என்று தெரியாது, நேற்றிரவு நின்ற வண்டி எது என்று மட்டும் தெரியும்.

கழிவுநீரை, பாத்திரம் கழுவிய நீராக இருந்தாலும், வாகன நிறுத்தத்தில் உள்ள வடிகாலில் விடக் கூடாது. அந்த வடிகால் மழைநீருக்கானது, பல ஊர்களில் சுத்திகரிப்பு இல்லாமல் நேராக ஓடைக்குப் போகிறது. சட்டப்படியும் குற்றம். வாஷிங்டன், ஓரிகன் போன்ற மாநிலங்களில் சில ரெஸ்ட் ஏரியாக்களிலேயே கழிவுத் தொட்டிகளைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன் உண்டு. ட்ரக் ஸ்டாப்களிலும் முகாம்களிலும் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தலாம்.

அங்கே வரிசை மாறக் கூடாது. கையுறை மாட்டுங்கள். வால்வுகள் மூடியிருக்கின்றன என்று பார்த்த பிறகே மூடியைக் கழற்றிக் குழாயை மாட்டுங்கள், மறுமுனையை ஓட்டைக்குள் இறக்கி நகராதபடி எடை வையுங்கள். முதலில் கருநீர் வால்வைத் திறந்து முழுக்க வடியவிட்டு மூடுங்கள். அதன் பிறகு சாம்பல்நீர் வால்வு. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும், அதனால்தான் இந்த வரிசை. கடைசியில் கழிப்பறைக்குள் சில லிட்டர் தண்ணீரும் தொட்டி மருந்தும் விடுங்கள். வெறும் தொட்டியில் விழும் கழிவு ஒட்டிக்கொண்டு காய்ந்துவிடும். சாக்கடை இணைப்புள்ள முகாமில் இருக்கும் நாட்களில்கூடக் கருநீர் வால்வைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளேயே குவிந்து கெட்டியாகும்.

டம்ப் ஸ்டேஷனில் குழாய் அலச வைத்திருக்கும் தண்ணீரைக் குடிநீர்த் தொட்டிக்கு எடுக்காதீர்கள். பின்னால் வரிசை இருந்தால் வேலையை முடித்து நகர்ந்துவிட்டு, கையுறையைக் கழற்றுவதும் பிள்ளைகளை ஏற்றுவதும் தள்ளி நின்று செய்யுங்கள்.

அப்புறம், தங்கிய இடத்தைப் பற்றிச் செயலியில் நாலு வரி எழுதுங்கள்: தேதி, வண்டியின் நீளம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது, சாலை எப்படி இருந்தது, பலகையில் என்ன போட்டிருந்தது. மறுத்துவிட்டார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். மதியம் மூன்று மணிக்கு இடம் தேடுகிறவருக்கு "அனுமதி இல்லை" என்ற வரியும் பயன்படும்.